இரண்டாவது கறை

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்யும்.
பூஞ்சை. அதற்கு அடியில் பவுடர்.
அதற்கும் அடியில் எலும்புப் பசை.
கண்ணுக்கு அப்புறம்தான் முறை.

வெளியே கன்றுத்தோல், பித்தளைப் பூட்டு.
உள்ளே பட்டு: பீச் பழச் சதையின் நிறம்,
நீர்மேல் காற்று நடந்ததுபோல் நெளிவு ஓடும் ரகம்.
சீப்புக்கு ஒரு பள்ளம், சீசாக்களுக்கு நான்கு,
மூடியில் கண்ணாடி,
அதன் பின்னால் சுருக்கம் வைத்த பை.

ட்ரியெஸ்தே நகரில் அன்று போராக் காற்று.
சான் ஜாக்கொமோ மேட்டில் என் கடைக் கதவைத்
தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தார் சிஞ்ஞோர் எர்வீனோ.
"கறையை எடுக்கணும், நீவெஸ்.
காப்பி. என் கைத்தவறு."
சீட்டில் எழுதினேன்: கறை.
ஒன்றா, இரண்டா என்று எழுதவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இந்த வயதுப் பட்டை நம்பக் கூடாது.
அப்போது எடை போட்டு விற்றார்கள்,
எடை கூட உலோக உப்பில் ஊறவைத்தார்கள்.
அந்தப் பழைய கள்ளத்தனம் இன்னும்
இழைக்குள் உட்கார்ந்து
உள்ளிருந்தே அறுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே முதல் நாள் தூசி மட்டும்,
உறிஞ்சுகுழாயின் வாயில் வலைத்துணி கட்டி.
பிறகு நேற்றைய ரொட்டியின் உள்சதையை உருட்டி
ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
(தேய்த்தால் கை போட்டது கை போட்டதுதான்.)
பைக்கு அடியில், யாரும் பாராத மூலையில்
ஒரு சொட்டு வைத்துக் காத்திருந்தேன்.
சாயம் அசையவில்லை.
வடித்த நீர், கொஞ்சம் சாராயம்,
குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு.

மூன்றாம் நாள் கறை கரைந்தது.
மறுநாள் காலை அதே இடத்தில்
கரை நின்றது.
அடியில் கிடந்த பசை ஈரத்தோடு புறப்பட்டு வந்து
ஈரம் எதுவரை போனதோ அதுவரை போய்
பழுப்பாய் ஒரு கோடு போட்டிருந்தது,
அலை திரும்பிய மணலில் நுரை போடுவதுபோல்.
அதைத் துடைத்தேன்.
சற்றுத் தள்ளி இன்னொரு கரை.
விட்டுவிட்டேன்.

அந்தக் கோட்டுக்கு ஈடாகத்தான்
இரண்டாவதைத் தொட்டேன்.
பையின் விளிம்பில், பெருவிரல் அகலம்,
இளஞ்சிவப்பு.
கன்னச்சாயமோ, முகக் களிம்போ
விரலில் ஒட்டியிருக்க,
யாரோ ஒருத்தி ஒவ்வொரு முறையும்
ஒரே இடத்தில் பிடித்து இழுத்திருக்கிறாள்.
ஓர் இரவு சுண்ணப்பொடி. பிறகு இரண்டே பஞ்சு.
எவ்வளவு சுலபமாக வந்தது!
கரை இல்லை, நிழல் இல்லை.
இருபத்தாறு வருட வேலையில்
இத்தனை சுத்தமாய் எதுவும் போனதில்லை.

சனிக்கிழமை வந்தார். காற்று அடங்கியிருந்தது.
காப்பி இருந்த இடத்தைப் பார்த்தார்.
"இந்தக் கோடு?"
"அது போகாது."
"இருக்கட்டும். நான் போட்டது."

அப்புறம், பேசிக்கொண்டே, பாராமலே,
அவருடைய பெருவிரல் பையின் விளிம்புக்குப் போனது.
போய் நின்றது.
இருட்டில் இறங்குகிறவன் கால்
இல்லாத படியைத் தேடுமே, அப்படி.

"அதற்குக் காசு வேண்டாம்" என்றேன்,
இன்னும் புரியாமல்,
கொஞ்சம் பெருமையாகவே.

விரலை எடுத்துக்கொண்டார்.
கால்சட்டையில் துடைத்தார்.
விரலில் ஒன்றுமில்லை.
"நல்ல வேலை, நீவெஸ்" என்று
நோட்டுகளை எண்ணி வைத்தார்,
ஐந்து யூரோ கூடவே.
வாங்கிக்கொண்டேன்.

பேருந்து இறக்கத்தில் மறைந்த பிறகு
குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தேன்.
நாற்பது, ஐம்பது பஞ்சு. எல்லாம் காப்பி.
ஒன்றை மட்டும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
சிவப்பா, சிவப்பாக இருக்க வேண்டும் என்கிற என் ஆசையா,
சொல்ல முடியவில்லை.
உறையில் போட்டு அவர் பெயரை எழுதினேன்.
தொலைபேசி எண் சீட்டில் இருக்கிறது.
கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

இப்போதெல்லாம் யார் எதைக் கொண்டுவந்தாலும்
விரல் வைத்துக் காட்டச் சொல்கிறேன்.
"கண் தெரியவில்லையா உங்களுக்கு?" என்று சிரிக்கிறார்கள்.
பரவாயில்லை,
விரல் வைத்துக் காட்டுங்கள்.